நல்ல தண்ணி, உப்புத் தண்ணி, பீர்த் தண்ணி

சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணம் பக்கம் பல வீடுகளில் இரண்டு வகைத் தண்ணீர் புழங்குகிறது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீர் ‘நல்ல தண்ணி’. போரில் ஏறுவது ‘உப்புத் தண்ணி’. நல்ல தண்ணியில் பருப்பு மலர்ந்து வேகும். ஆனால் சில நாள் குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாசம் மூக்கில் ஏறும். உப்புத் தண்ணியில் அந்த வாசம் கிடையாது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பாறை கட்டும். வீட்டில் பீர் காய்ச்சுகிறவருக்கு இரண்டுமே தொல்லைதான். ஒன்றை நீக்கும் வழி பெரும்பாலும் மற்றதை நீக்காது என்பதுதான் சிக்கல். எந்த ஃபில்டர் வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன், நம் குழாயில் வருவது இவற்றில் எந்தக் கோளாறு என்று தெரிந்தாக வேண்டும்.

அதற்கும் முன்னால் சட்டம். சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1 அன்று. அந்த 1937-ஆம் ஆண்டுச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் உயிரோடு இருக்கிறது. டாஸ்மாக்கில் பீர் வாங்கலாம், வீட்டில் காய்ச்சினால் குற்றம். ஆகவே கீழே வரும் செய்முறைக் குறிப்புகள், அனுமதி உள்ள ஊர்களில் இருக்கும் நம்மவர்களுக்கு. சிங்கப்பூரில் 2004 முதல் சொந்த உபயோகத்துக்கு ஒரு வீட்டில் மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சலாம். பிரிட்டனில் 1963-லேயே உரிமம் தேவையில்லை என்றாகிவிட்டது. அமெரிக்கக் கூட்டரசு 1978-இல் சட்டம் போட்டு அனுமதித்தது. உள்ளூரில் இருப்பவர்கள் பீரை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் படித்துக்கொள்ளலாம்; ஃபில்டர் வாங்கப் போகும்போது உதவும்.

பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். மீதியை மால்ட் என்னும் முளைகட்டிய பார்லியும் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவும் ஈஸ்ட்டும் பார்த்துக்கொள்கின்றன. இதில் குளோரின் செய்யும் கெடுதல் விசித்திரமானது. குடிக்கும்போது நமக்குத் தெரியாத அளவு குளோரின்கூட, மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் ஆகிவிடும். அதன் வாசம் அப்படியே ஆஸ்பத்திரிதான்: பிளாஸ்திரி, டிங்சர், டெட்டால். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை வந்துவிட்டால் எத்தனை வாரம் வைத்தாலும் போகாது. நம்முடைய ஐ.எஸ். 10500 தரவிதிப்படி, குளோரின் கலந்த குடிநீர் வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். அது கிருமியிலிருந்து நம்மைக் காப்பாற்றுவதற்கு. குடிப்பதற்கு அது இருந்தாக வேண்டும், பீருக்கு அது துளியும் ஆகாது.

நல்ல வேளையாக, குளோரினை விரட்டுவது சுலபம். அகலப் பாத்திரத்தில் ஊற்றி இரவெல்லாம் திறந்து வைத்தால் பெரும்பகுதி பறந்துவிடும். கால்மணி நேரம் கொதிக்க வைத்தாலும் போய்விடும். ஆக்டிவேட்டட் கார்பன் என்னும் கரி ஃபில்டர் இருந்தால் இன்னும் வசதி. தண்ணீரை அதன் வழியாக மெதுவாக விட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. குழாயை முழுசாகத் திறந்துவிட்டால் கரியைத் தொட்டும் தொடாமலும் தண்ணீர் ஓடிப்போகும்.

சிங்கப்பூர்க்காரர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அங்கே குழாயில் வருவது குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள். நீண்ட குழாய்ப் பாதையில் தாக்குப்பிடிக்க வேண்டும் என்றே அதைப் போடுகிறார்கள். அதனால் இரவெல்லாம் திறந்து வைத்தாலும் அசையாது, கொதிக்க வைத்தாலும் எளிதில் போகாது. அதற்குச் சரியான ஆள் மெட்டாபைசல்ஃபைட். நம்மூரில் ஸ்குவாஷ் கெடாமல் இருக்கக் ‘கே.எம்.எஸ்.’ என்று போடுவார்களே, அதே பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்தான். பீர் காய்ச்சுவோர் கடைகளில் ‘கேம்ப்டன் மாத்திரை’ என்று விற்கிறார்கள். ஒரு மாத்திரை ஏறக்குறைய 75 லிட்டருக்குப் போதும்; 20 லிட்டர் கேனுக்குக் கால் மாத்திரை பொடித்துப் போட்டுக் கலக்கினால் சில நிமிடங்களில் குளோரமின், குளோரின் இரண்டும் முடிந்துவிடும். மிஞ்சுவது சிறிதளவு சல்ஃபேட்டும் குளோரைடும் அம்மோனியமும்தான். சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர்கள் அந்தப் பொடியைக் கையாளும்போது மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

இனி உப்புத் தண்ணி. பெயர்தான் உப்பு, முக்கியமான கோளாறு கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் மூன்றும் பாறையிலிருந்து கரைந்து வருவது. சேலம் கடும்பாறை நிலம். ஏற்காடு அடிவாரத்தை ஒட்டி மேக்னசைட் சுரங்கங்கள் இருக்கும் மாவட்டம் இது. அதற்காக எல்லாக் கிணற்றிலும் ஒரே கணக்கு என்று எண்ண வேண்டாம். பாறை வெடிப்பு ஓடும் போக்கைப் பொறுத்து அடுத்த தெருவிலேயே சுவை மாறும். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் கொடுத்துக் கணக்கு வாங்குவதே முறை. கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை என்கிறது அதே தரவிதி.

பீர்க்காரருக்கு இதில் கால்சியம் நண்பன், பைகார்பனேட் எதிரி. நொறுக்கிய மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது அதன் பி.எச். 5.2-லிருந்து 5.6-க்குள் இருந்தால்தான் மாவுச்சத்து ஒழுங்காகச் சர்க்கரையாகும். கால்சியம் மால்ட்டின் பாஸ்பேட்டோடு வினைபுரிந்து பி.எச்.-ஐக் கீழே இறக்கும். பைகார்பனேட் மேலே தள்ளும். பி.எச். ஏறினால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கி, காய்ச்சிய கஷாயம் போல நாக்கைப் பிடிக்கும். கறுக்க வறுத்த மால்ட்டுக்கு இயல்பாகவே புளிப்பு உண்டு; அது பைகார்பனேட்டைச் சமன் செய்துவிடும். பைகார்பனேட் மிகுந்த தண்ணீரில் கறுப்பு பீர் தேறிவரும், வெளிர் பீர் தேறாது என்பதற்கு இதுவே காரணம். 1842-இல் பில்சன் நகரில் பொன்னிற பீர் பிறந்ததற்கு அவ்வூரின் மிக மென்மையான தண்ணீரும் ஒரு காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கப்பலேற்றிய கசப்பு பீருக்குப் பேர்போன பர்ட்டன் நகரத்தின் கிணறுகளில் ஜிப்சம் நிறைய. ஜிப்சத்தில் உள்ள சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பைத் தூக்கிக் காட்டும். குளோரைடு மால்ட்டின் இனிப்புக்குத் திரட்சி கொடுக்கும்.

பைகார்பனேட்டைக் கொதிக்க வைத்துக் குறைக்கலாம். கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாக அடியில் தங்கிவிடும். தெளிந்ததை மேலாக வடித்துக்கொள்ளலாம். மெக்னீசியம் அதிகமுள்ள தண்ணீரில் இந்த வித்தை அரைகுறையாகத்தான் பலிக்கும், மெக்னீசியம் அவ்வளவு எளிதில் படியாது. அப்போது லாக்டிக் அமிலம் சில துளி விட்டுப் பி.எச். பார்த்துச் சரிசெய்வதே வழி.

கரி ஃபில்டர் குளோரினைப் பிடிக்கும், கடினத்தன்மையைத் தொடாது. யு.வி. விளக்கு கிருமியைக் கொல்லும், அவ்வளவுதான். தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத் தெளிய வைக்கும், கரைந்ததை எடுக்காது. குளியலறைக் குழாயில் மாட்டும் சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். பைகார்பனேட் அப்படியே இருக்கும். பீருக்கு வேண்டியதை எடுத்து வேண்டாததை விட்டுவைக்கும் கருவி அது. ஆர்.ஓ. ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்துவிடும். வழக்கமான வீட்டு எந்திரம் ஒரு லிட்டர் கொடுக்க மூன்று லிட்டர் அளவுக்குக் கழித்துவிடும். டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த தண்ணீருக்கு ஆர்.ஓ. தடை செய்யப்பட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னது இந்த வீணடிப்பை நினைத்துத்தான். குளோரின் வாசம் பிடிக்கவில்லை என்பதற்காகக் காவிரித் தண்ணீருக்கு ஆர்.ஓ. மாட்டுவது என் கணக்கில் வெட்டிச் செலவு. வாசத்தை எடுப்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கரிதான். அது தனியாகவே மலிவாகக் கிடைக்கிறது.

வீட்டுக்கு வரும் விற்பனையாளர் இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டு, மின்சாரம் பாய்ச்சி, பழுப்பாகப் பொங்க வைத்து, ‘பாருங்க, நீங்க குடிக்கிற அழுக்கு’ என்பார். பழுப்பு அந்த இரும்புக் கம்பி கரைந்து வந்தது. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் நன்றாக ஓடும், கம்பி வேகமாகக் கரையும். பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரும் முழுக் கதை சொல்லாது. எவ்வளவு உப்பு என்று காட்டும், எந்த உப்பு என்று காட்டாது. குளோரினை அது கண்டுகொள்வதே இல்லை.

உப்புத் தண்ணி மட்டுமே கிடைத்தால் ஆர்.ஓ. நியாயம். ஆனால் வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் மால்ட்டுக்கு வேண்டிய கால்சியம் இருக்காது, திரும்பக் கொடுக்க வேண்டும். பத்து லிட்டருக்கு ஒரு கிராம் ஜிப்சம் போட்டால் லிட்டருக்கு 23 மில்லிகிராம் கால்சியமும் 56 மில்லிகிராம் சல்ஃபேட்டும் ஏறும். அதே அளவு கால்சியம் குளோரைடு, நீரேறிய வகை என்றால், 27 கால்சியமும் 48 குளோரைடும் தரும். கால்சியம் 50-ஐத் தாண்டினால் போதும். இரண்டும் உணவுத் தரத்தில் இருக்க வேண்டும். வயலுக்குப் போடும் ஜிப்சம் கூடாது. மால்ட் சாற்றுப் பாகை வாங்கிக் காய்ச்சுகிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். உப்புகள் அதிலேயே வந்துவிடும், ஆர்.ஓ. தண்ணீரே போதும்.

பலர் கோட்டை விடுவது கடைசியில். காய்ச்சும் தண்ணீரைப் பக்குவப்படுத்திவிட்டு, காய்ச்சி முடித்த பிறகு அளவு குறைகிறதே என்று நேராகக் குழாயைத் திறந்து மேலே ஊற்றுவார்கள். ஊற்றுகிற ஒவ்வொரு செம்புத் தண்ணீரும் பக்குவப்படுத்தியதாகவே இருக்க வேண்டும். அந்தக் கட்டத்துக்குப் பிறகு கொதி இல்லை என்பதால் காய்ச்சி ஆறவைத்ததாகவும் இருக்க வேண்டும். பாத்திரத்தைப் பிளீச்சிங் கரைசலில் கழுவினால் கொதித்து ஆறிய தண்ணீரில் பலமுறை அலசி, வாசம் போனதா என்று மோந்து பார்த்த பிறகே ஈஸ்ட் போட வேண்டும்.