சுழல் எஞ்சின்கள் ஏன் நிலைப்பதில்லை?

அறிவியல் கண்காட்சி நெருங்கும் நாள்களில் ஏதாவதொரு மாணவர் புதுவகை எஞ்சின் மாதிரியுடன் வந்து நிற்பார். இந்த ஆண்டு வந்தவர் ஒன்பதாம் வகுப்பு மாணவர். திருமழபாடியில் கொள்ளிடக் கரை வயல்களில் டீசல் எஞ்சின் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர். அட்டையில் ஒரு வட்டக்கூடு, அதற்குள் தகடுகளுடன் சுற்றும் ஒரு சக்கரம். இதுதான் அவருடைய மாதிரி.

“பிஸ்டன் மேல போயி நின்னு, மறுபடி கீழ வருது சார். நிக்காம ஒரே பக்கமா சுத்துனா டீசல் மிச்சம்தானே?”

சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற மாதிரியைச் செய்த ஒரு மாணவியை, “புதிய கண்டுபிடிப்பு” என்று பாராட்டிக் கண்காட்சிக்கு அனுப்பினேன். “இதில் வாயு எங்கே கசியும்?” என்று நடுவர் கேட்டார். மாணவியிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை நான் வகுப்பிலேயே கேட்டிருக்க வேண்டும். எனவே இந்த முறை பாராட்டையும் மறுப்பையும் தள்ளி வைத்துவிட்டு, மாணவருடன் சேர்ந்து கேள்வியை இரண்டாகப் பிரித்தோம்.

முதல் கேள்வி: நின்று திரும்புவதால் ஆற்றல் வீணாகிறதா?

நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் எஞ்சினில் பிஸ்டன் வினாடிக்கு 50 முறை நின்று திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் அதன் இயக்க ஆற்றல் அழிந்துவிடுவதில்லை. வேகம் குறையும்போது அந்த ஆற்றல் கிராங்க் வழியாக கனமான ஃப்ளைவீலுக்குப் போகிறது. பிஸ்டன் திரும்பக் கிளம்பும்போது அங்கிருந்தே கிடைக்கிறது. ஊஞ்சலும் இரு முனையிலும் நின்றுதான் திரும்புகிறது. நிற்பதனால் அது ஆற்றலை இழப்பதில்லை. இழப்பு உராய்வினால் வருவது. அதிர்வு கூடும் என்பது உண்மை. ஆனால் மாணவர் எதிர்பார்த்த அளவுக்கு டீசல் மிச்சமாகாது.

இரண்டாம் கேள்வி: வாயுவை அடைத்து வைக்க முடியுமா?

உள்ளெரி எஞ்சினின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் பல பத்து மடங்கு. இந்த வாயு கசியாமல் தள்ளினால்தான் வேலை நடக்கும். ஸ்டார்ட் ஆகாத எஞ்சினைப் பார்த்து மெக்கானிக் “கம்ப்ரஷன் இல்லை” என்று சொல்வதன் பொருளும் இதுவே.

இதற்கு வகுப்பறையில் ஒரு சோதனை போதும். ஊசி நீக்கிய பிளாஸ்டிக் ஊசிக்குழாயில் காற்றை இழுத்து, முனையை விரலால் மூடி அழுத்தச் சொல்லுங்கள். காற்று சுருங்கும், விட்டால் தண்டு திரும்பி வரும். அடுத்து, பழைய ரப்பர் செருப்பிலிருந்து தீப்பெட்டியின் வெளிக்கூட்டுக்கு ஏற்ற செவ்வகத் துண்டு ஒன்றை வெட்டி உள்ளே நுழைத்து ஊதச் சொல்லுங்கள். மூலைகளில் காற்று கசிவது விரலில் தெரியும். துண்டைப் பெரிதாக வெட்டினால் கசிவு குறையும், ஆனால் துண்டு நகராது. சிறிதாக வெட்டினால் நகரும், ஆனால் கசியும்.

வட்டத்துக்கு மூலை இல்லை. பிஸ்டன் ரிங் தன் வில்தன்மையால் சிலிண்டர் சுவரைச் சுற்றிலும் ஒரே மாதிரி அழுத்துகிறது. பின்னாலிருந்து வாயுவும் அதைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுகிறது. தேய்ந்தால் தானே சற்று விரிந்து கொடுக்கிறது. சுழல் எஞ்சின்களில் பெரும்பாலும் தகடுகளும் முனைகளும்தான் வாயுவை அடைக்க வேண்டும். தகட்டுக்கு ஓரங்கள் உண்டு, ஓரங்கள் சேரும் இடத்தில் மூலை உண்டு. நீராவிக் காலத்தில் ஜேம்ஸ் வாட்டும் சுழல் எஞ்சினை முயன்று பார்த்தார், வெற்றி கிட்டவில்லை.

இவ்வகையில் மிக அதிக தூரம் வந்தது ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல் வடிவமைத்த எஞ்சின். என்.எஸ்.யு. நிறுவனத்தில் 1957இல் அது முதன்முதலாக ஓடியது. இரண்டு பருப்பு உள்ள நிலக்கடலை ஓட்டைப் போல் இடுப்பு ஒடுங்கிய கூடு. அதற்குள் முக்கோண ரோட்டார். வால்வு இல்லை, நகரும் பாகங்கள் மிகக் குறைவு. 1967இல் ரோ 80 என்ற காரில் அது விற்பனைக்கு வந்தது. ரோட்டாரின் மூன்று முனைகளில் இருந்த சீல்கள் விரைவில் தேய்ந்தன. உத்தரவாதக் காலத்தில் எஞ்சின்களை மாற்றிக் கொடுத்தே நிறுவனம் நலிந்தது. 1969இல் அது ஃபோக்ஸ்வாகன் குழுமத்துடன் இணைந்தது.

ஜப்பானின் மாஸ்டா நிறுவனத்தையும் இதே சிக்கல் வாட்டியது. சீல் அதிர்ந்து கூட்டின் உட்சுவரில் விழுந்த கோடுகளை அங்குள்ள பொறியாளர்கள் பிசாசின் நகக்கீறல் என்றே அழைத்தனர். சீலுக்கான பொருளை மாற்றி மாற்றிப் பார்த்து, 1967இல் அவர்கள் காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். ஆனால் வேறு இரண்டு குறைகள் மிஞ்சின. எரியும் அறை நீண்டு தட்டையாக இருப்பதால் எரிபொருள் முழுதாக எரிவதில்லை. எரிதல் எப்போதும் கூட்டின் ஒரே பக்கத்தில் நடப்பதால் ஒரு பக்கம் கொதிக்கும், மறுபக்கம் குளிர்ந்திருக்கும். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது எரிபொருளை அதிகம் குடிக்கும் எஞ்சினை வாங்க மக்கள் தயங்கினர். உரிமம் வாங்கி வைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு காரைக்கூட விற்பனைக்குக் கொண்டுவராமல் கைவிட்டது.

அப்படியானால் இது முழுத் தோல்வியா? இல்லை. எடை குறைவாகவும் அதிர்வு குறைவாகவும் இருக்க வேண்டிய இடத்தில் இது பயன்படுகிறது. நம் நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனங்களும் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகமும் சேர்ந்து 55 குதிரைத்திறன் கொண்ட வாங்கெல் எஞ்சினை உருவாக்கின. 2009 ஏப்ரலில் கோலார் அருகே, ஆளில்லா விமானமான நிஷாந்த் அந்த எஞ்சினுடன் பறந்தது.

சுழலும் இயந்திரங்கள் எல்லாமே தோற்பவை என்றும் மாணவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. வயலில் தண்ணீர் இறைக்கும் பம்பு சுழல்வதுதான். அனல்மின் நிலைய டர்பைனும் சுழல்வதுதான். அவை நீரையோ நீராவியையோ அறைக்குள் பூட்டி வைப்பதில்லை. ஓட்டத்தின் வேகத்தைக் கொண்டு வேலை செய்வதால், சுழலும் பாகத்துக்கும் கூட்டுக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தாலும் ஓடும்.

எங்கள் மாணவர் மாதிரியைக் கைவிடவில்லை. அதன் பக்கத்தில் ஊசிக்குழாயையும் தீப்பெட்டியையும் வைத்து, “என் எஞ்சின் எங்கே கசியும்?” என்று தலைப்பிட்டார். கசியக்கூடிய இடங்களைச் சிவப்பு மையால் தானே குறித்தார். மொத்தம் எட்டு இடங்கள்.

இன்ஸ்பையர் மானக் விருதுக்கோ வானவில் மன்றச் செயல்பாட்டுக்கோ இத்தகைய எஞ்சின் யோசனை வந்தால், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். வாயு எங்கே கசியும்? எந்தப் பக்கம் அதிகம் சூடாகும்? தேய்ந்தால் எதை, எப்படி மாற்றுவது? பதில் தேடும் மாணவருக்குப் பரிசு கிடைக்காமல் போகலாம். ஆனால் தன் யோசனையைத் தானே சோதித்துப் பார்க்க அவர் கற்றுக்கொண்டிருப்பார்.