பார்லியும் பீப்பாயும் – 8: ஷெர்ரி பழக்கிய மரம்

அமெரிக்காவில் போர்பன் விஸ்கியைத் தாங்கி முடித்த பீப்பாய்கள் கடல் கடந்து ஸ்காட்லாந்தின் கிடங்குகளை அடைவதையும், அங்கே தம்முள் உறங்கும் மதுவுக்கு வெனிலா, தேன், தேங்காய் ஆகியவற்றின் சாயலையும் மெல்லிய பொன் வர்ணத்தையும் அளிப்பதையும் சென்ற இதழில் பார்த்தோம். இந்த வாரம், உருவத்தில் அவற்றைப் போல் இரண்டரை மடங்கு பருத்தவையும் விலையில் பன்மடங்கு உயர்ந்தவையுமான ஷெர்ரிப் பீப்பாய்களை நாடிச் செல்கிறோம். ஷெர்ரிப் பீப்பாயில் முதிர்ந்த சிங்கிள் மால்ட் என்றவுடன் முகம் மலரும் ரஸிகர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்; ஆயினும் அந்தச் சுவையில் திராட்சை மதுவின் பங்கு எவ்வளவு, மரத்தின் பங்கு எவ்வளவு, பார்லியை வடித்தெடுத்த சாலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிந்து பருகுகிறவர்கள் மிகச் சிலரே. அவ்வாறு பிரித்தறியத் தொடங்கிய பிறகே ஒரு புட்டியை மற்றொன்றோடு ஒப்பிடுவதற்குப் பொருள் உண்டாகிறது.

ஸ்பெயினின் தென்கோடியில், ஆண்டலூஸியா பிரதேசத்தில், ஹெரேஸ், சன்லூக்கார், எல் புவெர்த்தோ என்னும் மூன்று ஊர்களையும் சுற்றியுள்ள நிலப்பரப்பே ஷெர்ரியின் பிறப்பிடம். கண்ணைக் கூசச் செய்யும் வெண்மையான சுண்ணாம்பு மண்ணில் விளையும் பலோமினோ திராட்சையைப் பிழிந்து, புளிக்கவைத்து, அதனோடு திராட்சைச் சாராயத்தைச் சிறிது சேர்த்து வலுவேற்றுகிறார்கள். சாராய அளவு 15 சதவீதத்தில் நின்றால் மதுவின் மேற்பரப்பில் நுண்ணுயிர்களின் வெண்ணிற ஏடு ஒன்று படர்ந்து, காற்றுப் படாமல் அதைக் காக்கிறது. அவ்வாறு பிறப்பது வெளிறிய ஃபீனோ. 17 சதவீதத்துக்கு உயர்த்திவிட்டாலோ அந்த ஏடு உயிர்வாழ இயலாமற் போக, மது காற்றோடு உறவாடி, கருத்து, அக்ரூட் பருப்பின் வாசனையை ஏற்று, ஒலொரோஸோ என்னும் பெயர் பெறுகிறது. ஸ்காட்லாந்தின் வடிசாலைகள் பெரிதும் விரும்புவது இதைத்தான். ஒலொரோஸோ இனிக்கும் என்று எண்ணுகிறவர்கள் அதைத் தனியே பருகிப் பார்த்தால் வியப்படைவார்கள்; இயல்பில் அது சர்க்கரை அற்ற, வறண்ட மது. இனிமைக்குப் பெயர்போனது பெட்ரோ ஹிமெனெஸ் என்னும் மற்றொரு வகை. பறித்த திராட்சையைப் பாய்களில் பரப்பி, வெயிலில் சுருங்கும்வரை உலர்த்தி, அதன் பிறகே பிழிவதால் அது பாகு போல் கெட்டியாக இருக்கும்.

ஆங்கிலேயர் இந்த மதுவின்மேல் கொண்ட மோகம் பழையது. 1587இல் பிரான்ஸிஸ் டிரேக் காதிஸ் துறைமுகத்தைத் தாக்கியபோது அவருடைய மாலுமிகள் ஏறத்தாழ 2900 பீப்பாய் ஷெர்ரியைக் கவர்ந்து சென்றார்கள் என்பது சரித்திரம். அதன்பின் முறையான வர்த்தகம் வளர்ந்து, பிரிஸ்டல், லண்டன், எடின்பரோவை அடுத்த லீத் ஆகிய துறைமுகங்களில் பீப்பாய் பீப்பாயாக ஷெர்ரி வந்திறங்கி, அங்கேயே புட்டிகளில் அடைக்கப்பட்டது. காலியான பீப்பாய்களைத் திருப்பி அனுப்புவது கட்டுப்படியாகாது. அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கித் தம் சரக்கை நிரப்ப ஸ்காட்லாந்தின் வடிசாலைக்காரர்கள் காத்திருந்தார்கள். சுவையை முன்னிட்டு எவரும் வகுத்த திட்டமாக அது தொடங்கவில்லை. கையில் கிடைத்த மரத்தைச் சிக்கனமாகப் பிரயோகித்தார்கள், அதன் பலன் நாக்குக்குத் தெரியவந்ததும் அதுவே சம்பிரதாயமாக நிலைத்தது. 1980களில், ஷெர்ரியை ஸ்பெயினிலேயே புட்டியில் அடைக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்து, பீப்பாய்க் கப்பல்கள் நின்றுபோயின. நூற்றாண்டுக் கணக்கில் தானாக வந்துகொண்டிருந்த மரம் அத்துடன் அற்றுப்போயிற்று.

ஹெரேஸில் ஷெர்ரியை முதிரவைக்கும் பீப்பாய்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டிருக்க, அவற்றையே வாங்கிக்கொள்ளலாகாதா என்று வாசகர் கேட்கலாம். ஷெர்ரிக்காரர்கள் அவற்றை எளிதில் விற்பதில்லை. பல தலைமுறைகளாக மதுவில் ஊறி, தன் மணத்தையும் துவர்ப்பையும் முற்றும் இழந்துவிட்ட மரமே ஷெர்ரிக்கு உகந்தது. விஸ்கிக்கோ கொடுப்பதற்குக் கைவசம் சாரம் உள்ள மரம் தேவை. ஆகையால் இன்று வடிசாலைகள் பீப்பாயைச் சொல்லிச் செய்விக்கின்றன. வட ஸ்பெயினில் கலீஸியா முதலிய பகுதிகளில் வெட்டப்படும் ஓக் மரத்தைப் பலகைகளாக அறுத்து, மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடக்கவிட்டு, ஹெரேஸின் பீப்பாய்ப் பட்டறைக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே பலகைகளை இரும்பு வளையத்துக்குள் வட்டமாக நிறுத்தி, நடுவே ஓக் சீவல்களால் தீ மூட்டி, வெளிப்புறம் நீர் தெளித்தபடியே இறுக்க, சூட்டில் இளகிய மரம் சிறிது சிறிதாக வளைந்து வயிறு பருத்த பீப்பாயாகிறது. உட்புறம் கருகாமல், ரொட்டி சிவப்பதுபோல் சிவந்து நிற்கிறது.

புதிய மண்சட்டியை நம் வீட்டுப் பெண்டிர் கழுநீர் ஊற்றி வைத்துப் பழக்கிய பிறகே அதில் குழம்பு கூட்டுவதைப் போல, இந்தப் பச்சைப் பீப்பாயில் ஒலொரோஸோவை நிரப்பி ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் வைத்துப் பழக்குகிறார்கள். மரத்தின் கடுந்துவர்ப்பை மது வாங்கிக்கொள்கிறது. மதுவில் சில லிட்டரை மரம் உறிஞ்சிக்கொள்கிறது. அதன்பின் வெளியேற்றப்படும் மது பெரும்பாலும் மேசைக்கு வருவதில்லை. காடியாகவோ பிராந்தியாகவோ மாறிவிடுகிறது. இக்காலத்துப் பெரும்பாலான ‘ஷெர்ரிப் பீப்பாய்’ விஸ்கியின் பின்னே இருப்பது பீப்பாயைப் பழக்குவதற்காகவே நிரப்பப்பட்ட ஷெர்ரிதான் என்பதை ரஸிகர் தெளிவாக அறிந்திருத்தல் நலம். இதில் வஞ்சனை ஏதுமில்லை. ஹெரேஸின் ஒழுங்குமுறைக் குழுவே இத்தகைய பீப்பாய்களுக்கு நியமங்கள் வகுத்துச் சான்று அளிக்கிறது.

மரத்தின் ஜாதியும் கவனிக்கத்தக்கது. ஷெர்ரி பழகிய பீப்பாய்கள் அமெரிக்க ஓக்கிலும் உண்டு, ஐரோப்பிய ஓக்கிலும் உண்டு. முன்னது வெனிலாவையும் தேங்காயின் கொழுமையையும் முன்னிறுத்தும். பின்னது துவர்ப்பு மிக்கது, கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் முதலிய வாசனைத் திரவியங்களின் சாயலையும் ஆழ்ந்த செந்நிறத்தையும் தருவது. நாம் ‘ஷெர்ரியின் மணம்’ என்று மொத்தமாகப் போற்றுவதில் பெரும்பகுதி உண்மையில் ஐரோப்பிய ஓக்கின் கொடையே. உலர்ந்த திராட்சை, அத்தி, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றின் நினைவை எழுப்புவதில் மதுவும் மரமும் கூட்டாளிகள்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். ஸ்பே நதிப் பிரதேசத்தின் மக்காலன், கிளென்ஃபார்க்ளஸ் என்னும் இரண்டையும், அதற்குக் கிழக்கே அபர்டீன்ஷயரில் ஹன்ட்லி நகருக்கு அருகிலுள்ள கிளென்ட்ரோனக்கையும் நான் தேர்ந்துகொள்கிறேன். மூன்றுமே ஷெர்ரிப் பீப்பாயால் பிரசித்தி அடைந்தவை. மூன்றிலும் பன்னிரண்டு ஆண்டு முதிர்ந்த சரக்கு கிடைக்கிறது. வலுவிலும் அவற்றுக்கிடையே பெரிய வேற்றுமை இல்லை. வயதும் வலுவும் பீப்பாயின் இனமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டபடியால், எஞ்சுகிற பேதம் பெரிதும் வடிசாலைகளின் ஸ்வபாவத்திலிருந்தே வர வேண்டும்.

1824இல் உரிமம் பெற்ற மக்காலனின் வடிகலன்கள் சிறியவை. சிறிய செப்புக் கலத்தில் ஆவி தாமிரத்தோடு நெடுநேரம் உறவாட இடமில்லாததால், வடிவது எண்ணெய்ப் பசையுள்ள கனத்த சரக்காகிறது. பசுமையான மரத்தின் முழு வேகத்தையும் தாங்கவல்ல உடற்கட்டு அதற்கு உண்டு. இஞ்சி, ஆரஞ்சுத் தோல், உலர்ந்த திராட்சை, மெருகேற்றிய மரச்சாமானின் மணம் எல்லாம் ஒன்றையொன்று மீறாமல் வரிசையாக வரும். மூன்றிலும் மிக நயமான நடை அதனுடையதே.

கிளென்ஃபார்க்ளஸ், 1865 முதல் கிராண்ட் குடும்பத்தாரின் உடைமையாகவே நீடித்துவருவது. அதன் வடிகலன்கள் ஸ்பே பிரதேசத்திலேயே மிகப் பெரியவற்றைச் சேர்ந்தவை. பெரும்பாலான சாலைகள் நீராவிக் குழாய்களுக்கு மாறிவிட்ட பிறகும், இங்கே கலத்தின் அடியில் நேராகத் தீயெரிக்கும் வழக்கத்தை விடவில்லை. அடிச்செம்பின் கடுஞ்சூட்டில் பிறக்கும் வறுத்த தானிய மணமும் மாமிசத்தை நினைவூட்டும் கனமும் சரக்கில் தங்கிவிடுகின்றன. முன்பே ஒருமுறை விஸ்கி தாங்கிய ஷெர்ரிப் பீப்பாய்களையும் இவர்கள் தாராளமாகப் பிரயோகிப்பதால் மரத்தின் அழுத்தம் மட்டுப்பட்டு, பார்லியின் குரல் தெளிவாகக் கேட்கிறது.

1826இல் தோன்றிய கிளென்ட்ரோனக், ஒலொரோஸோவோடு பெட்ரோ ஹிமெனெஸ் பழகிய பீப்பாய்களையும் சேர்த்துக்கொள்கிறது. அதனால் மூவருள்ளும் இனிமை மிக்கது இதுவே: கிஸ்மிஸ், கருஞ்சாக்லேட், வேகவைத்த பழம் என்று விருந்தோம்பும் குணம். முதல் மடக்கிலேயே மனத்தைக் கவர்வதும் இதுதான். ஆனால் பொறுமையாக இருந்து பார்த்தால், மற்ற இரண்டும் மெல்லத் திறந்துகொள்ளும்போது இது சொல்வதை முன்னதாகவே சொல்லிவிட்டது என்று தோன்றும்.

ஒப்பிடும் முறையைச் சொல்கிறேன். மேலே குறுகிய குவளைகள் மூன்றில், ஒவ்வொன்றிலும் 15 மில்லியளவு போதும். அதற்குமேல் சென்றால் நாக்கு மரத்துப்போகும், புத்தியும் தீர்ப்புச் சொல்லும் தகுதியை இழக்கும். வர்ணம் கண்ணில் படாதபடி குவளையைக் காகிதத்தால் சுற்றிவிடுவது உத்தமம்; கருத்த விஸ்கி உயர்ந்தது என்ற மயக்கம் வலியது, ஸ்காட்லாந்தின் சட்டமோ நிறத்துக்காகக் கரமல் சேர்ப்பதை அனுமதிக்கிறது. முதலில் நீரின்றி முகர்ந்து, சிறிது பருகி, பிறகு சில துளி நீர் விட்டுக் காத்திருங்கள். நீர் பட்டதும் மணம் எழும்புவது வெறும் பிரமை அன்று. மணம் தரும் மூலக்கூறுகள் சில, நீர் கலந்த விஸ்கியில் மேற்பரப்பை நாடுகின்றன என்று ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் இருவர் 2017இல் கணினிக் கணக்கீட்டால் காட்டியிருக்கிறார்கள். கிளென்ஃபார்க்ளஸில் இது நன்றாகப் புலப்படும்: நீருக்கு முன் முன்னின்ற துவர்ப்பு பின்வாங்க, தேனும் வறுத்த பருப்பும் மேலெழுந்து, கடைசியில் மிக இலேசான புகைச்சாயல் ஒன்று தொண்டையில் தங்கும். பருகி முடித்த குவளைகளைக் கழுவாமல் வைத்திருந்து மறுநாட் காலையில் முகர்ந்து பாருங்கள். சாராயம் ஆவியாகிவிட்டபடியால், மரம் விட்டுச்சென்றது மட்டும் தனியே தெரியும்.

குறைகளையும் அறிந்திருக்க வேண்டும். அணைந்த தீக்குச்சியின் நெடியோ ரப்பர் வாசனையோ வீசினால் அது கந்தகம்; காலிப் பீப்பாய் கெடாதிருக்க அதனுள் கந்தகத் திரி கொளுத்தும் பழைய வழக்கம் அதற்கு ஒரு காரணம். நாக்கை உலர்த்தி வாயைச் சுருக்கும் கசப்பு மேலிட்டால், மரம் எல்லை மீறிவிட்டது என்று பொருள். பன்னிரண்டு ஆண்டும் ஷெர்ரி மரத்தில் கழிந்ததா, போர்பன் பீப்பாயில் முதிர்ந்து இறுதிச் சில மாதங்களை மட்டும் ஷெர்ரியில் கழித்ததா என்பதையும் உறைச்சீட்டில் படித்தறிக. பின்னதற்கு 1993இல் வெளிவந்த பால்வெனி டபிள்வுட் நல்ல உதாரணம். அது தன்னளவில் இனியதே, ஆனால் வேறு வகுப்பைச் சேர்ந்தது, இவற்றோடு நிறுத்தி அதைக் குறை கூறுவது நியாயமாகாது.

என் தீர்ப்பு இது. ஷெர்ரிப் பீப்பாய் விஸ்கியின் மேன்மை, அதில் எவ்வளவு ஷெர்ரி இருக்கிறது என்பதால் அளக்கப்படுவதன்று. அத்தனை மரத்தையும் மதுவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் முளைகட்டிய பார்லியின் குரல் கேட்கிறதா என்பதால் அளக்கப்படுவது. அந்த அளவுகோலால் கிளென்ஃபார்க்ளஸுக்கே நான் முதலிடம் தருவேன். நயத்துக்கு மக்காலன், விருந்துக்கு கிளென்ட்ரோனக். பருகும் வழக்கம் இல்லாதவர் இதற்காக அதைத் தொடங்க வேண்டாம். இருப்பவரோ குறைவாக ஊற்றி, நிதானமாக ஒப்பிட்டு, தம் நாக்கின் தீர்ப்பைத் தாமே எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

(தொடரும்)