சர்க்கரையை வேவு பார்க்கும் வில்லை

பள்ளியில் ஓடி விளையாடும் பையனின் உடம்பில் இந்த நிமிடம் சர்க்கரை எவ்வளவு? ஊருக்கு அந்தப் பக்கம் ஆபீஸில் இருக்கும் அப்பாவின் கைக்கடிகாரம் சொல்லிவிடுகிறது! எப்படி? பையனின் சட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பார்ப்போம், வாங்க.

வயிற்றில் ஒட்டியிருக்கிறதே ஒரு வில்லை, அதன் அடியில் முடி கனத்துக்கு ஒரு கம்பி. தோலுக்குள் சில மில்லிமீட்டர்தான் நுழைந்திருக்கிறது. ரத்தத்தை அது தொடுவதேயில்லை! செல்களுக்கு நடுவே ஊறிக்கிடக்கும் நீரைத்தான் ருசி பார்க்கிறது. கம்பியில் பூசிய குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி சர்க்கரையைப் பிடித்து வேலையைக் காட்ட, துளியூண்டு மின்சாரம் பிறக்கும். சர்க்கரை கூடினால் மின்சாரமும் கூடும். அதை எண்ணாக்கி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பிவிடும் வில்லை. ஒரு நாளைக்கு 288 தடவை! விரலில் இத்தனை குத்து குத்தினால் விரல் என்னத்துக்கு ஆகும்?

ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதும் இந்த நீரில் தெரியச் சில நிமிடம் பிடிக்கும். அதனால்தான் எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் அம்புக்குறிக்கு அவ்வளவு மவுசு. 90, அம்பு கிடையாக இருந்தால் நிம்மதி. அதே 90, அம்பு கீழே பாய்ந்தால் ஜூஸ் எங்கே, ஜூஸ்!

இதைவிடச் சுவாரசியம், எண் வெளியூர் கிளம்பிய கதை. 2013இல் அது எண்ணைக் காட்டப் பையன் பையில் வைத்திருக்கும் குட்டிக் கருவியோடு நின்றுவிடும். நியூயார்க் மாநிலத்து மென்பொருள் பொறியாளர் ஜான் காஸ்டிக்குக்கு அது போதவில்லை. அவருடைய மகனுக்கு நான்கு வயதிலேயே டைப் 1 சர்க்கரை. கருவியை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு கோத்து, அது பேசும் பாஷையைத் துருவித் துருவிக் கண்டுபிடித்து, எண்களை இணையத்தில் ஏற்றியே விட்டார்!

ட்விட்டரில் சொன்னதுதான் தாமதம், நிரல் எழுதத் தெரிந்த பெற்றோர்கள் கூடிவிட்டார்கள். லேன் டெஸ்பரோ என்ற இன்னொரு அப்பா பெயர் சூட்ட, 'நைட்ஸ்கவுட்' பிறந்தது. 'இனிக் காத்திருக்க மாட்டோம்' என்பது கோஷம். நிரல் எல்லோருக்கும் இலவசம். குழந்தையின் இடுப்புப் பையைத் திறந்தால் கருவி, ஆண்ட்ராய்டு போன், இரண்டையும் இணைக்கும் கேபிள்; இந்தக் கூட்டணிக்கு 'ரிக்' என்று செல்லப்பெயர். எண் பெற்றோரின் பெப்பிள் என்ற ஸ்மார்ட் கைக்கடிகாரத்தில் வந்து குதித்தது!

குழந்தையின் எண்ணை வீட்டார் தங்கள் போனில் பார்க்கும் டெக்ஸ்காம் நிறுவனத்தின் செயலிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது 2015 ஜனவரியில்தான். இன்றைக்கு அதே எண்கள் மருத்துவரின் திரைக்கும் போகின்றன. 70க்கும் 180க்கும் நடுவில் எத்தனை சதவீத நேரம் என்பதுதான் அவர் முதலில் தேடுவது. பெரும்பாலானோருக்கு அது 70 சதவீதத்தைத் தாண்டினால் சபாஷ்!

கடைசியாக ஒரு ரகசியம். நள்ளிரவில் அலாரம் அலறும், எண் 55 என்று பயமுறுத்தும். ஜூஸும் கையுமாக ஓடிவரும் அம்மா பார்த்தால், பையன் வில்லை மேலேயே படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான்! அழுத்தம் பட்டால் எண் பொய்யாகச் சரிந்துவிடும். விரலில் ஒரு குத்து குத்திப் பார்த்தால் 110. அப்புறமென்ன, பையனை அந்தப் பக்கம் புரட்டிப் போட வேண்டியதுதான். அதற்கு மட்டும் இன்னும் செயலி வரவில்லை!