கோமாளியும் அரியாசனமும்

தாழ்வுபாட்டுக்கு நாம் சென்றது ஒரு நாட்டுக்கூத்துப் பார்ப்பதற்காக. மன்னார்த் தீவின் கத்தோலிக்க மீனவர் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் அக்கலையை நம் மாணவர்க்குக் காட்ட விரும்பினோம். அரசன் கொலுவில் பாடியபோது அரைத்தூக்கத்தில் இருந்த சபை, கோமாளி நுழைந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தது. அரசனின் வரியையும் மந்திரியின் தொந்தியையும் அவன் நையாண்டி செய்ய, சிறுவர் முதல் கிழவர் வரை கைகொட்டிச் சிரித்தனர். “இவர் தேர்தல் கேட்டால் வென்றுவிடுவார், ஐயா!” என்றான் மாணவனொருவன்.

வேடிக்கைப் பேச்சென்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், நகை பிறக்கும் இடங்களுள் எள்ளலை முதலில் வைத்தார். பெரியோரின் குறையை எள்ளுபவனை மக்கள் தம்மவனாகவே கொள்வர். அந்த உறவுதான் வாக்காக மாறுகிறது.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அவ்வுறவைப் பிறருக்காகவே பயன்படுத்தினார். 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் அறிஞர் அண்ணாவுக்காகப் பேசினார். எதிர்த்து நின்றவர் ஒரு மருத்துவர். அவரை வாயாரப் புகழ்ந்துவிட்டு, இத்தகைய நல்ல வைத்தியர் ஊரிலேயே இருக்கட்டும், சட்டசபைக்கு அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தாராம். அண்ணா வென்றார். கலைவாணர் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே மறைந்தார்.

பஞ்சாபின் நகைச்சுவைக் கலைஞர் பகவந்த் மான் தாமே களத்தில் இறங்கினார். 2012இல் தோற்றார், 2014இல் சங்ரூர் தொகுதியில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார், 2022 மார்ச்சில் முதலமைச்சரானார். மாதம் 300 அலகு மின்சாரம் இலவசம் என்ற வாக்குறுதி அவ்வாண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அவருக்கு முன்பே மாநிலத்தின் தலைமேல் பெருங்கடன் இருந்தது. கடனைக் கேலி செய்து குறைக்க இயலாதே!

உக்ரேனின் செலன்ஸ்கி, தொலைக்காட்சித் தொடரொன்றில் நாட்டின் அதிபராகிவிட்ட பள்ளி ஆசிரியராக நடித்தார். 2019இல் ஏறத்தாழ 73 விழுக்காடு வாக்குப் பெற்று மெய்யாகவே அதிபரானார். சமாதானம் தருவதாகச் சொல்லி வந்தவரின் வாசலுக்கு 2022 பெப்ரவரியில் பெரும்போர் வந்தது. தலைநகரை விட்டு ஓடாது நின்றார். அந்த உறுதியை அவருடைய நடிப்பில் யார் முன்னறிந்திருக்க முடியும்?

கூத்து முடிந்து விடியும் வேளையில், மாணவன் சொன்னதை முதிய மீனவர் ஒருவரிடம் கூறினோம். அவர் சிரித்தார்.

“நல்லாச் சிரிப்புக் காட்டினவன்தான், ஐயா. ஆனா வள்ளத்தைக் குடுக்க முதல், அவனுக்குச் சோழகக் காத்துத் தெரியுமோ எண்டு பாக்க மாட்டமே?”

கோமாளி அரியாசனம் ஏறக்கூடாதென்று அம்முதியவர் சொல்லவில்லை, நாமும் சொல்லோம். வழக்கறிஞரும் ஆசிரியரும் ஏறும் படியில் அவனும் ஏறலாம். சிரிக்க வைத்ததற்குக் கைதட்டுவோம். வாக்கை மட்டும், காற்றும் நீரோட்டமும் அறிந்தவனா என்று கேட்டு அளிப்போம். நாளை முதன்முறை வாக்களிக்கவிருக்கும் மாணவர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.