மேலதிகாரி ஆகிவிட்டீர்களா?

காலை எட்டு மணிக்குச் சான்பாடா நிலையத்தில் வண்டிக்குக் காத்து நிற்கும் நம்மவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் மேலதிகாரியைப் பற்றிக் குறைப்படுவார்கள். மீதிப் பேர் தாங்களே மேலதிகாரிகள். கீழே வேலை செய்பவர்களைப் பற்றிக் குறைப்படுவார்கள்!

நானும் இரண்டாவது வரிசையில் நின்றவன்தான். குமாஸ்தாவாகச் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்துப் பிரிவுத் தலைவரானேன். எனக்குக் கீழே நான்கு பேர். கடிதத்தின் முதல் வரியிலிருந்து உறையில் ஒட்டும் தபால்தலை வரை நானே சொல்வேன். ஒரு நாள் பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்குத் தவறான தொகையுடன் பில் போய்விட்டது. தட்டச்சு செய்த தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தப்பு என்று அப்போதே தெரியும் சார். நீங்கள் எழுதிக் கொடுத்ததை மாற்றினால் கோபித்துக் கொள்வீர்களே!" என்றார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. நான்கு பேர் மூளைக்கும் பூட்டுப் போட்டவன் நானல்லவா?

அந்தச் சமயத்தில்தான் இ. ஸ்ரீதரனைப் பற்றிப் படித்தேன். தமிழ்நாடு அவரை 1964-லேயே அறியும். அந்த டிசம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்கள் பெரும்பாலும் கடலுக்குள் போயின. சீரமைக்க ஆறு மாதம் என்றது ரயில்வே. தென்னக ரயில்வேயின் பொது மேலாளர் அதை மூன்று மாதமாகக் குறைத்து, 32 வயதுப் பொறியாளரான ஸ்ரீதரனிடம் ஒப்படைத்தார். எதை, எத்தனை நாளில் என்பது மேலிடத்து உத்தரவு. எப்படி என்பது களத்தில் நின்றவர் பொறுப்பு. கடலில் கிடந்த கர்டர்களையே மீட்டெடுத்துப் பொருத்தினார்கள். 46 நாளில் வேலை முடிந்தது!

தமக்குக் கிடைத்த அதே நம்பிக்கையைப் பின்னாளில் அவர் பிறருக்கும் கொடுத்தார். 1990-ல் கொங்கண் ரயில்வே நிறுவனம் தொடங்கியபோது அவரே தலைவர். தலைமை அலுவலகம், இங்கிருந்து நான்கு நிலையம் தள்ளியிருக்கும் பேலாப்பூரில். ரோஹாவிலிருந்து மங்களூர் அருகே வரை சுமார் 740 கிலோமீட்டர். வழியெல்லாம் மலையும் ஆறும். பாதையை ஏழு பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு தலைமைப் பொறியாளரை நியமித்தார். இன்னும் எத்தனை நாள் என்று பின்னோக்கி எண்ணும் கடிகாரங்களை வைத்தார். கெடுவைக் கடிகாரம் நினைவூட்டியது. அதிகாரி கூடவே நின்று விரட்ட வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் நினைத்தபடி நடந்ததா என்றால், இல்லை. ஐந்து ஆண்டு என்று தொடங்கிய வேலை ஏழு ஆண்டைத் தாண்டியது. கோவாவில் பாதை குறித்து எதிர்ப்பு எழுந்தது. பெர்னம் சுரங்கத்தில் இளகிய மண் தோண்டத் தோண்டச் சரிந்தது. முழுப் பாதையும் 1998 ஜனவரி 26 அன்றுதான் திறந்தது. ஆனால் தாமதத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பு தலைவருடையதாகவே இருந்தது. வேலையைப் பகிர்ந்து கொடுக்கலாம். பழியைப் பகிர்ந்து கொடுக்கக் கூடாது.

திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆளை ஆராய்ந்து தேர்ந்தெடு, தேர்ந்தபின் வேலையை அவனிடமே விடு என்பது அதன் சாரம். நம்மில் பலர் முதல் பாதியைச் செய்கிறோம். இரண்டாம் பாதிக்குத்தான் மனம் வருவதில்லை.

மறுமாதம் பில் வேலை முழுவதையும் அந்தத் தம்பியிடமே கொடுத்தேன். "என்ன வேண்டும், என்றைக்கு வேண்டும் என்று மட்டும் சொல்வேன். சந்தேகம் வந்தால் கேளுங்கள், தப்பென்று பட்டால் தடுத்துச் சொல்லுங்கள்" என்றேன். முதல் மாதம் இரண்டு பிழைகள். பெரிய அதிகாரி முன் போய் நின்றவன் நான். மூன்றாம் மாதம் பிழை ஒன்றுமில்லை. அதோடு, நான் எழுதிய கணக்கிலேயே ஒரு தவறைக் கண்டுபிடித்துத் தயங்காமல் வந்து காட்டினார்!

அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.