நீரிழிவுப் பாதப்புண் சிகிச்சை

நீரிழிவுப் பாதப்புண் என்பது நீரிழிவு நோயாளிகளின் பாதத்தில் தோன்றி, எளிதில் ஆறாமல் நீடிக்கும் புண் ஆகும். காலை அகற்ற நேர்வதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. புண்ணைத் துப்புரவு செய்தல் இதன் அடிப்படைச் சிகிச்சையாகும். உயரழுத்த ஆக்சிசன் சிகிச்சை சிலருக்கு மட்டும் துணையாக அளிக்கப்படுகிறது.

தோன்றும் விதம்

குருதியில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் பாதத்தின் உணர்வு நரம்புகள் சிதைகின்றன. செருப்புக்குள் கிடக்கும் சிறு கல்லையும் நோயாளி உணர்வதில்லை. வலி இன்மையால் அவர் அதே இடத்தை ஊன்றியே நடக்க, தோல் தடித்து அதனடியில் புண் உண்டாகிறது. கால் தமனிகளும் சுருங்கியிருந்தால் புண் ஆறுவது மேலும் கடினமாகும்.

உணர்விழப்பே இத்தகைய புண்களுக்கு மூலம் என்பதைத் தொழுநோயாளிகளிடம் ஆராய்ந்து காட்டியவர் பால் பிராண்ட். இவர் 1946 முதல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். பின்னர் அமெரிக்காவின் கார்வில் நகரில் இவ்வறிவை நீரிழிவுப் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். பாதம் முழுவதும் பொருந்தி எடையைப் பகிரும் மாவுக்கட்டு இன்றும் பயன்பாட்டில் உள்ளது. புண்ணின் மீதான அழுத்தத்தைக் குறைக்காவிடில் வேறு எச்சிகிச்சையும் பயன் தராது.

புண் துப்புரவு

இறந்த திசுவையும் தடித்த தோலையும் அறுவைக் கத்தியால் நீக்குவதே துப்புரவு ஆகும். இறந்த திசு பாக்டீரியாக்களுக்கு உறைவிடமாவதோடு புண்ணின் உண்மையான ஆழத்தையும் மறைக்கிறது. இதனை மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். குருதியோட்டம் குன்றிய காலில் வெட்டிய இடமும் ஆறாது போகலாம். ஆகவே முதலில் குருதியோட்டத்தை அளந்தறிவர். சீழ் பிடித்துப் பரவும்போது மட்டும் காத்திருக்க இயலாது.

உயரழுத்த ஆக்சிசன் சிகிச்சை

நோயாளி மூடிய கலத்தினுள் 2 முதல் 2.5 வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிசனைச் சுவாசிக்கிறார். ஓர் அமர்வு ஏறத்தாழ 90 நிமிடங்கள்; பொதுவாக 30 முதல் 40 அமர்வுகள் தேவை. இயல்பு நிலையிலேயே ஈமோகுளோபின் ஏறக்குறைய நிறைந்திருப்பதால், கூடுதல் ஆக்சிசன் குருதி நீர்மத்தில் கரைந்து செல்கிறது. (சோடாவில் கரியமில வாயு கரைந்திருப்பதும் இதே ஹென்றி விதிப்படிதான்.) கரைந்த ஆக்சிசனும் தமனி வழியே வரவேண்டும் என்பதால், தமனி அடைப்பை நீக்குவதற்கு இது மாற்றாகாது.

இதன் பயன் குறித்த சான்றுகள் முரண்படுகின்றன. 2010இல் வெளியான சுவீடன் ஆய்வில் 94 பேர் பங்கேற்றனர். ஒப்பீட்டுக் குழுவினரும் கலத்தினுள் வைக்கப்பட்டனர், ஆனால் காற்றையே சுவாசித்தனர். ஓராண்டில் ஆக்சிசன் பெற்றோரில் 52 விழுக்காட்டினருக்கும் மற்றவருள் 29 விழுக்காட்டினருக்கும் புண் ஆறியது. எனினும் 2016இல் வெளியான கனடிய ஆய்வும், 120 பேரைக் கொண்ட 2018ஆம் ஆண்டு நெதர்லாந்து ஆய்வும் தெளிவான பயனைக் காட்டவில்லை. எனவே வழக்கமான சிகிச்சை பலனளிக்காத, குருதியோட்டக் குறைவுள்ள புண்களுக்கே இது பரிசீலிக்கப்படுகிறது.

செவிப்பறைக் காயம், தற்காலிகக் கிட்டப்பார்வை, அமர்வின்போது குருதிச் சர்க்கரை தாழ்தல் ஆகியன இதன் பக்க விளைவுகள். அரிதாக வலிப்பும் ஏற்படலாம்.