பைக்குக்கு வேற சைலன்ஸர் மாட்டப் போறீங்களா? சத்தம் ஏறும், பவர் ஏறுமா?

புதுசா பைக் எடுத்த கையோடு பலர் செய்யும் முதல் வேலை, கம்பெனி சைலன்ஸரைக் கழற்றிவிட்டு வேற ஒண்ணை மாட்டுவதுதான். புல்லட்டுக்கு 'இந்தோரி', 'பஞ்சாபி', ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு குட்டையான கறுப்பு உருளை. சென்னையில் ஜி.பி. ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும் போனால் விதவிதமாகத் தொங்கும். விலையும் சில ஆயிரம்தான். ஆனால் அந்தக் குழாயோடு சேர்த்து எதையெல்லாம் கழற்றுகிறார்கள் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

சைலன்ஸர் உள்ளே என்னதான் இருக்கு?

ஃபோர் ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர் பைக் 6,000 ஆர்.பி.எம்.மில் ஓடினால், நிமிடத்துக்கு 3,000 முறை எரிந்த வாயு அழுத்தத்தோடு வெளியே பாயும். ஒவ்வொன்றும் ஒரு குட்டி வெடிச்சத்தம். அதை அறை அறையாக மோதவிட்டு, துளையிட்ட குழாய்களில் சுற்றவிட்டு அடக்குவதுதான் சைலன்ஸரின் வேலை.

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 பைக்குகளில் இதோடு முடியவில்லை. புகைக் குழாயின் வழியில் தேன்கூடு மாதிரி ஒரு 'கேடலிடிக் கன்வெர்ட்டர்' இருக்கும். அதில் பூசியிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் கார்பன் மோனாக்சைடு உள்ளிட்ட நச்சு வாயுக்களை மாற்றிவிடும். அதுக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார். புகையில் மிச்சம் இருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து, 'பெட்ரோலைக் கூட்டு, குறை' என்று ஈ.சி.யூ.வுக்குத் தகவல் கொடுப்பது இதுதான். இந்தக் குழாய் அலங்காரப் பொருள் இல்லை, இன்ஜினின் ஒரு பகுதி.

ஸ்லிப்-ஆனா, ஃபுல் சிஸ்டமா?

கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 'ஸ்லிப்-ஆன்' என்றால் பின்பக்க உருளை மட்டும் மாறும். இன்ஜினிலிருந்து இறங்கும் பெண்ட் பைப் அப்படியே இருக்கும். கேடலிடிக் கன்வெர்ட்டர் பெண்ட் பைப்பிலேயே இருக்கும் மாடல் என்றால் அது தப்பிக்கும். 'ஃபுல் சிஸ்டம்' என்றால் எல்லாமே போச்சு. மலிவு விலை ஃபுல் சிஸ்டங்களில் சென்சாருக்கான துளைகூட இருப்பதில்லை. சென்சாரைக் கழற்றித் தொங்கவிட்டு, "ஒண்ணும் ஆகாதுண்ணா" என்று அனுப்பி வைப்பவர்களும் உண்டு. செக் இன்ஜின் லைட் எரியும், மைலேஜ் குறையும்.

தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்டிக்கரை நம்பாதீங்க. ஸ்லோவேனியாவின் அக்ரபோவிச், இத்தாலியின் எஸ்.சி. ப்ராஜெக்ட் பெயர்களில் இரண்டாயிரம், மூவாயிரத்துக்குக் கிடைப்பவை போலிகள். அசல் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும்.

காந்தம் வைத்துப் பார்க்கிற பழக்கம் ஒன்று இருக்கு. ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் ஸ்டெயின்லெஸ் என்பார்கள். இது பாதி உண்மைதான். 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் புகைக் குழாய்களுக்கு அதிகம் பயன்படும் 409 கிரேடு ஸ்டெயின்லெஸ் நன்றாகவே ஒட்டும். எனவே வெல்டிங்கைப் பாருங்க. சீராக, இடைவெளி இல்லாமல் இருக்கணும். குரோம் பூசிய மைல்ட் ஸ்டீல் என்றால் வெல்டிங் ஓரத்தில்தான் முதலில் துரு பிடிக்கும், மழைக்காலம் ஒன்று போதும்.

உள்ளே கண்ணாடி இழை அடைத்திருக்கும் வகைகளில் அது நாளடைவில் எரிந்து தேய்ந்துவிடும். ஆறு மாதத்தில் சத்தம் தானாக ஏறிவிட்டது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வாய்ப்பகுதியில் மாட்டும் 'டிபி கில்லர்' சத்தத்தைக் குறைப்பதற்கான சின்னக் குழாய். பலர் வாங்கிய அன்றே அதைக் கழற்றிவிடுகிறார்கள். அப்புறம் எதற்கு அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்களோ!

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

ஃபுல் சிஸ்டம் மாற்றினால் சிலிண்டர் ஹெட்டோடு பெண்ட் பைப் சேரும் இடத்தில் புது கேஸ்கெட் போடச் சொல்லுங்க. பழசு ஏற்கெனவே நசுங்கியிருக்கும், மறுபடி சரியாக அடைக்காது. இன்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றவே கூடாது. அங்கிருக்கும் ஸ்டட் முறிந்தால் செலவு சைலன்ஸர் விலையைத் தாண்டிவிடும்.

இணைப்பில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். ஆக்சிலரேட்டரை விட்டதும் 'பட் பட்'னு வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதைக் கேட்டு 'கெத்து' என்று நினைக்கிறவர்கள் உண்டு. உண்மையில் எரியாத பெட்ரோல் குழாய்க்குள் எரிகிற சத்தம் அது. சென்சாருக்கு முன்னால் கசிந்தால் ஈ.சி.யூ.வும் தப்புக் கணக்குப் போடும்.

ஹீட் ஷீல்டை மறக்காதீங்க. பின்னால் உட்கார்பவரின் காலில், குறிப்பாகச் சேலை கட்டி ஒருபக்கமாக உட்காரும் அம்மாக்களின் காலில் பட்டால் தோல் உரிந்துவிடும்.

பவர் கூடுமா?

குழாயை மட்டும் மாற்றினால் ஓட்டும்போது தெரிகிற அளவுக்கு எதுவும் கூடாது. ஏர் ஃபில்டர், எரிபொருள் மேப் எல்லாம் சேர்த்து மாற்றும் ரேஸ் பைக்குகளின் கதை வேற. சத்தம் கூடுவதால் வேகம் கூடிய மாதிரி ஒரு நினைப்பு வரும், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2005-ல் வந்த ஒலி வரம்புப்படி, தயாரிப்பு நிலையில் 80 முதல் 175 சிசி வரையிலான பைக்குகள் 77 டெசிபலையும், அதற்கு மேல் சிசி உள்ளவை 80 டெசிபலையும் தாண்டக் கூடாது. இரண்டு, மூன்றுதானே கூடுது என்று நினைக்காதீங்க. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு. ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவில் ஒரு பைக் போனால் தூளியில் தூங்கும் குழந்தை வீறிட்டு எழுவது இதனால்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே 3 மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ விதிக்கலாம். இது வண்டி உரிமையாளர் மேல் பாயும் பிரிவு. "கடைக்காரர்தான் மாட்டினார்" என்று சொல்லித் தப்ப முடியாது. மும்பை, விசாகப்பட்டினம் போலீஸார் பறிமுதல் செய்த சைலன்ஸர்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிய வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க.

குழாயில் ஆங்கில 'இ' எழுத்தும் எண்ணும் பொறித்திருந்தால் அது ஐரோப்பிய அங்கீகாரம். அதுவும் குறிப்பிட்ட மாடலுக்கு மட்டும். இங்கே போலீஸிடம் காட்டினால் செல்லாது.

இன்னொரு விஷயம். "பழசைக் குடுங்க, விலையில் குறைச்சுக்கலாம்" என்று கடையில் கேட்டால் உடனே தலையாட்டாதீங்க. உள்ளே இருக்கும் கன்வெர்ட்டரின் பிளாட்டினத்துக்கும் பல்லேடியத்துக்கும் பழைய இரும்புச் சந்தையில் தனி விலை உண்டு. வாரண்டிக்கு ஷோரூம் போனாலும், வண்டியை விற்கப் போனாலும் முதலில் கேட்பது அந்தக் கம்பெனி சைலன்ஸரைத்தான். சாக்கில் சுற்றிப் பரண்மேல் போட்டு வையுங்க.